அப்படி நடந்திருந்தால்?



1991 ஜனவரி 27-ந் தேதி, அமெரிக்கக் கால்பந்தின் சாம்பியன் பட்டத்துக்கான ‘சூப்பர் பௌல்’ ஆட்டம் டாம்பா நகரில் நடந்தது. ஆட்டம் முடிய 8 விநாடிகளே இருக்கையில், பஃபலோ பில்ஸ் அணியின் ஸ்காட் நார்வுட் 47 கெஜ தூரத்துக்குப் பந்தை உதைத்தார். அது கம்பத்துக்கு வலப்புறமாய் விலகிப் போயிற்று. நியூயார்க் ஜயன்ட்ஸ் 20, பஃபலோ 19.

‘பந்து சற்றே இடப்புறம் சென்றிருந்தால்!’ என்று வேறொரு சரித்திரம் புனைவோர் இன்றும் உண்டு. இது குற்றமா? கற்பனை குற்றமன்று. ஆயின் 60 நிமிட ஆட்டத்தில் தவறியவர் எத்தனையோ பேர். நாமோ கடைசியாய் உதைத்த ஒருவரை மட்டுமே திருத்தப் பார்க்கிறோம். அப்போது கற்பனை பழியாகிவிடுகிறது.

மறுநாள் பஃபலோ மக்கள் செய்ததைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் சதுக்கத்தில் கூடி, ‘ஸ்காட் வேண்டும்’ என்று முழங்கி அவரை முன்னே அழைத்தார்கள். அவர் நெஞ்சுருகிப் பேசினார். தோல்வி நல்லதென்று சொல்லவில்லை; ஆனால் அந்த அன்பு, நடந்துவிட்ட சரித்திரத்தில்தான் பிறந்தது.

உங்கள் வீட்டிலும் பரீட்சையில் தவறிய பிள்ளை இருக்கலாம். ‘நீ மட்டும் ஒழுங்காய்ப் படித்திருந்தால்’ என்று, வராத நாளைக் காட்டி வருத்தாதீர்கள். வந்த நாளில் அவனோடு நில்லுங்கள்.