பெயர்த்து நடப்பட்டவர்கள்



பொதுக்காலத்தின் பதினோராம் ஞாயிறான இன்று, முதல் வாசகத்தில் (எசேக்கியேல் 17:22-24) ஆண்டவரே கேதுருவின் உச்சிக்கொழுந்தைக் கிள்ளி வேறொரு மலையில் நடுகிறார். அது கிளை பரப்புகிறது. எல்லா வகைப் பறவைகளும் அதில் தங்குகின்றன. நற்செய்தியில் (மாற்கு 4:26-34) வரும் கடுகு விதையின் கதையும் பறவைகளில்தான் முடிகிறது.

அப்படிக் கிளை பரப்பிய மரங்களை நாமும் பார்த்திருக்கிறோம். தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பள்ளங்களே அங்கே ஏரிகளாயின. கரைச்சாலையைத் தாண்டி நீரை நோக்கி வளைந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரங்கள் 1884-இல் நடப்பட்டவை. மாலையில் இலை கூம்புவதால் மலாய்க்காரர் இம்மரத்தை ‘புக்குல் லீமா’ (ஐந்து மணி) என்பார்கள். இவ்வளவு நம்மூர் மரமாகிவிட்ட இதன் பிறப்பிடமோ நடு அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். நிழலுக்காகவும் அழகுக்காகவும் ஆங்கிலேயர் இதை இங்கே நட்டார்கள்.

இந்த மரம் வாழும் விதத்தைப் பாருங்கள். இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கச் செல்களில் நீர் ஏறி மறுபக்கச் செல்களில் இறங்கினால் இலை விரியும், அது மாறினால் கூம்பும். வெயிலில் விரிந்து நிழல் தருகிறது. இருட்டும்போதும் மழைக்கு வானம் மூடும்போதும் கூம்பிக்கொள்கிறது. மழை அடியில் நிற்கும் புல்லுக்கு இறங்குகிறது. அவரைக் குடும்பத்து மரமாதலால் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. அதன் இனிப்புக் காய் மாடுகளுக்குத் தீனி. கிளைகளிலோ பெரணிகள் குடியிருக்கின்றன. வெளியிலிருந்து வந்த மரம், வந்த இடத்தின் மண்ணை வளப்படுத்துகிறது.

பால்மரமும், அதாவது ரப்பர் மரமும், அப்படி வந்ததுதான். 1876-இல் அமேசான் காட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகள் முளைத்து, மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் அங்கிருந்து நம் கோலகங்சாருக்கும் கன்றுகளாக வந்தன. அந்த மரங்கள் தோட்டங்களாகப் பெருகியபோது அவற்றுக்குப் பின்னால் கப்பலேறி வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். விடியுமுன் பிரட்டு எனும் வருகைப் பதிவுக்கு நின்று, வெயில் ஏறுமுன் பாலெடுத்து, பாலேந்தும் மங்கு துடைத்து, இந்த நாட்டை வளர்த்தார்கள்.

அவர்களைக் கொண்டுவந்தவர்கள் எண்ணியது கூலியாட்களைத்தான். அதைப் புனிதப்படுத்த வேண்டாம். ஆனால் யோசேப்பு தம் சகோதரர்களிடம் சொன்னதை நினையுங்கள் (தொடக்கநூல் 50:20). அவரை விற்ற கைகளின் நோக்கம் ஒன்று, அவரை நடத்திச் சென்ற கடவுளின் நோக்கம் வேறொன்று. அந்தக் கடவுள்தான், இன்றைய நற்செய்தியில் உழவன் தூங்கும்போதும் விதையை முளைக்கவைக்கிறவர்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. லயங்களை விட்டு ஈப்போவின் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வந்தோம். இரண்டாம் முறையும் பெயர்க்கப்பட்டோம். ‘வந்தேறி’ என்று யாராவது சொன்னால் நமக்கு இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும். ஆனால் அந்த வலி நமக்கு எதைக் கற்றுத்தந்தது?

இன்று செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் இந்தோனேசியர். உணவகத்தில் தட்டு கழுவுகிறவர் நேபாளத்துக்காரர் அல்லது மியன்மாரிலிருந்து வந்தவர். அவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசும் பேச்சு, நம் பாட்டன்மாரைப் பற்றி அன்று மற்றவர்கள் பேசிய பேச்சாக இருந்தால், நம் மரத்தில் பறவைக்கு இடமில்லை என்றுதான் பொருள். எசேக்கியேல் பறவைகளைத் தரம் பிரிக்கவில்லை. எல்லா வகையும் என்கிறார்.

விரிவதும் கூம்புவதும் நமக்கு வேண்டும். ஒதுங்க இடம் தேடுகிறவருக்கு விரிவோம். எளியவருக்குச் சேரவேண்டியதை மறைக்காதபடி கூம்புவோம். சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருக்கும் முதலாளிகளே, மேற்பார்வையாளர்களே, அவர்களின் கூலியையும் ஓய்வுநாளையும் பிடித்துவைக்காதீர்கள். அன்பியத் தலைவர்களே, இந்த வாரம் கூடும்போது உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். பின்வரிசையில் தனியே நிற்கிறவரை உங்கள் இருக்கைக்குக் கூப்பிடுங்கள்.

உடலில் குடியிருக்கும்வரை நாம் ஆண்டவரை விட்டு அகன்றிருக்கிறோம் என்று பவுலடியார் இரண்டாம் வாசகத்தில் (2 கொரிந்தியர் 5:6-10) நினைவூட்டுகிறார். ஆகவே இந்த மண்ணில் எவரும் முழு உரிமையாளர் அல்லர். நம்மை நட்டு வளர்த்த தந்தை, நம் நிழலை எல்லாருக்கும் உரியதாக்குவாராக. ஆமென்.