மகள் கல்யாணமும் அப்பாவின் பி.எஃப். பணமும்

தொழிலாளர் வருங்கால வைப்புநிதி என்பது வேலை ஓய்ந்த பிறகு சாப்பிடுவதற்காகச் சேரும் பணம். 1952ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகத்தான் வந்தது. ஆனால் அதே திட்டத்தில், மகன் மகள் கல்யாணத்துக்கும் தம்பி தங்கை கல்யாணத்துக்கும் பணம் எடுத்துக்கொள்ள ஒரு வாசலும் நெடுங்காலமாகத் திறந்தே இருந்தது. ஏழு வருடம் உறுப்பினராக இருந்தால் போதும், தன் பங்கில் பாதி வரை எடுக்க முடிந்தது. 2025 அக்டோபர் 13இல் கூடிய வைப்புநிதி அறங்காவலர் குழு, பதின்மூன்று வகையாகக் கிடந்த இந்த விதிகளை மூன்றாகச் சுருக்கியது. கல்யாணத்துக்கு ஐந்து முறை, படிப்புக்குப் பத்து முறை எடுக்கலாம் என்று தாராளம் காட்டியது. கூடவே, கணக்கில் கால் பங்கு எப்போதும் மிச்சமிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்பாவின் முதுமையா, மகளின் கல்யாணமா என்ற கேள்விக்கு அரசாங்கமே கால், முக்கால் என்று பிரித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

வானகரம் – அம்பத்தூர் சாலையில் இருக்கும் அயனம்பாக்கத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொஞ்சம் தள்ளி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. இரண்டும் 1960களில் எழுந்தவை. அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள் சீட்டுப் போட்டும் நகையை அடகு வைத்தும் மனை வாங்கிக் குடியேறிய புறநகர்களில் இதுவும் ஒன்று. அந்த மாதிரித் தெருக்களில் இன்று மூன்று வகை முதுமை அடுத்தடுத்த கதவுகளில் குடியிருக்கிறது.

ஒருவர் 2004க்கு முன்பு ஆவடியில் மத்திய அரசு ஊழியராகச் சேர்ந்தவர். கடைசிச் சம்பளத்தில் பாதி, அதோடு அகவிலைப்படி, அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். இன்னொருவர் தனியார் கம்பெனியில் இருந்தவர். அவருக்கு 1995 நவம்பரில் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டம். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், முப்பத்தைந்து ஆண்டு உழைத்தாலும் கணக்கு 7,500இல் நின்றுவிடும். 2014 வரை அந்த வரம்பே 6,500தான் என்பதால் முன்னாலேயே ஓய்வு பெற்றவர்கள் வாங்குவது இன்னும் குறைவு. மூன்றாமவர் பட்டறை பட்டறையாக மாறி மாறி வேலை பார்த்தவர், பி.எஃப். எண் என்றால் என்னவென்றே தெரியாதவர். தகுதி இருந்தால் அவருக்கு ஓ.ஏ.பி. என்று எல்லோரும் சொல்லும் முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவருக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பிடித்தமே இல்லாதவருக்கு மாநிலம் கொடுப்பது அதைவிட 200 ரூபாய் கூடுதல்.

முதலாமவர் பெரிதாகச் சேமிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாமவரால் சேமிக்க முடியவில்லை. அறக்கேள்வி உறுத்துவது நடுவில் நிற்பவரைத்தான். அவர் கையில் ஏதோ கொஞ்சம் இருந்தது, அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்.

மகளுக்கு இருபது சவரன் போட வேண்டிய இடத்தில் பத்து போட்டுவிட்டு, மீதியைத் தன் பேரில் வங்கியில் போட்டுவைக்கும் அப்பாவைச் சொந்தக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது ஊரறிந்தது. “தனக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டாரு” என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே பல பி.எஃப். கணக்குகள் காலியாகியிருக்கின்றன. கணக்கு எளிது. 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 1,800, முதலாளி பங்கில் ஓய்வூதியத்துக்கு 1,250 போக மீதி 550, ஆக மாதம் 2,350 ரூபாய் வைப்புநிதியில் சேர்கிறது. பத்தாம் வருடம் அதிலிருந்து எடுக்கும் ஒரு லட்சம், 8 சதவீத வட்டியில் இன்னும் இருபது வருடம் கிடந்திருந்தால் ஏறத்தாழ 4.66 லட்சம் ஆகியிருக்கும். சேமிப்புத் திட்டம் விற்கும் ஏஜென்ட்டுகள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் இருபது வருடத்தில் பொருள்கள் 3.2 மடங்கு விலையாகும், அந்த 4.66 லட்சம் இன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சத்தைக்கூடத் தொடாது. சேமிப்பு கோட்டை கட்டித் தராது. ஒரு ஆபரேஷனுக்கோ இரண்டு வருட வீட்டுச் செலவுக்கோ யார் வாசலிலும் போய் நிற்காமல் இருக்க உதவும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் சாதாரணக் குடும்பத்தில் மிகப் பெரிய விஷயம்.

எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடும் பெற்றோரைத் தியாகிகள் என்று சொல்லிப் பழகிவிட்டது. கொடுத்தபோது அது தியாகம்தான். ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாதபடி கொடுத்தவர்கள் அறுபது வயதுக்குப் பிறகு அதைத் தவணை தவணையாகத் திரும்பப் பெற்றே தீர வேண்டியிருக்கிறது. மருந்துச் சீட்டாகவும், கரண்ட் பில்லாகவும், “உனக்காகத்தானே எல்லாத்தையும் செலவழிச்சேன்” என்ற ஒரு வாக்கியமாகவும். கொடுத்த நாளில் எந்த நிபந்தனையும் பேசப்படவில்லை. எழுதப்படாத கடனுக்கு எவ்வளவு வட்டி என்று வாங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. தனக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்ட அப்பா பிள்ளைக்குச் செய்த நன்மை இதில்தான் இருக்கிறது. கடனே இல்லாத ஒரு வாழ்க்கையை அவர் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். சுயநலம் என்று அதற்குப் பேர் வைப்பது நியாயமாகப் படவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து 2025 மார்ச்சில் தீர்ப்பான வழக்கு ஒன்று இந்த எழுதப்படாத கடனைப் பற்றியதுதான். எண்பத்தேழு வயது மூதாட்டி ஒருவர், மகன் பார்த்துக்கொள்வான் என்று நம்பிச் சொத்தை அவர் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். மகன் இறந்துவிட்டார், மருமகள் கவனிக்கவில்லை என்பது புகார். வருவாய்க் கோட்டாட்சியர் பத்திரத்தை ரத்து செய்தார், உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதவில்லையே என்பது மறுப்பாக வந்தபோது, அன்பும் பாசமுமே அங்கே உள்ளுறை நிபந்தனை என்று நீதிமன்றம் கொண்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. அப்படியொரு நிபந்தனை இருந்ததற்கான அடையாளம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் ஒரு வழக்கில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் இந்தச் சட்டத்தை மூத்தோருக்குச் சாதகமாகத் தாராளமாகவே வாசிக்க வேண்டும் என்றது. நீதிபதிகளே இரு பக்கமும் சாய்கிற விஷயத்தை, எண்பது வயதில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதே சட்டப்படி பராமரிப்புத் தொகை கேட்டுப் போனால், உச்சபட்சம் மாதம் 10,000 ரூபாய்.

மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கலாம். அந்தச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்ற வரையறைக்குள் மகன், மகள், பேரன், பேத்தி இருக்கிறார்கள், மருமகள் இல்லை. வீட்டில் நடப்பதோ நேர்மாறு. கட்டிலில் விழுந்த மாமியாருக்குத் துணி மாற்றுகிறவர் பெரும்பாலும் அவர்தான். கொடுத்தது அவருக்கு அல்ல, கொடுத்த நாளில் அவர் அந்த வீட்டில் இருந்திருக்கவும் மாட்டார். அவருக்கும் வேறொரு ஊரில் வயதான அப்பா அம்மா உண்டு. ‘பிள்ளை பார்த்துப்பான்’ என்று சேமிக்காமல் விட்ட முடிவின் சுமை, அந்த முடிவில் பங்கே இல்லாத ஒரு பெண்ணின் முதுகில் போய் இறங்குகிறது. தியாகத்தைப் பாராட்டுகிற மேடைகளில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

நிபந்தனை பேசாமலே சொத்தை எழுதிக் கொடுத்துவிடுவதற்கு, பத்திரம் எழுதுவது இவ்வளவு எளிதாக இருப்பதும் ஒரு காரணம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. பதிவுக் கட்டணம் 10,000க்கு மேல் கிடையாது. கோடி ரூபாய் மதிப்புள்ள வீடு அரைநாளில் கைமாறிவிடும். “நாங்கள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை எங்களுக்கே” என்று ஒரு வரி சேர்க்கக் கூடுதல் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. எழுதச் சொல்லக் கூச்சம். மகனை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, சேமிக்காதவர்கள் எல்லாம் பொறுப்பில்லாதவர்கள் என்று முடிப்பது மோசடி. பிள்ளைகளே முதுமைக்குக் காப்பு என்ற வழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. நிலம் ஊரைவிட்டு நகராது, மகனும் நகர மாட்டான் என்ற உலகத்தில் அது சரியான ஏற்பாடு. அந்த உலகத்திலிருந்து கிளம்பி அம்பத்தூருக்கு வந்தவர்கள் கம்பெனியை நம்பினார்கள். நம்பியதற்கு என்ன கிடைத்தது என்பதை டன்லப் தொழிலாளர்களிடம் கேட்க வேண்டும். 1950களின் இறுதியில் அம்பத்தூரில் தொடங்கிய அந்த டயர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால் பெண் கொடுக்கப் போட்டி போட்ட காலம் உண்டு. மூடுவதும் திறப்பதுமாக இழுத்து, கடைசியில் 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கம்பெனியையே கலைக்கச் சொல்லி உத்தரவிட்டது. நிலுவைச் சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்தே கிழவர்களானவர்களிடம் போய் “நீங்கள் இருபத்தைந்து வயதிலேயே திட்டமிட்டிருக்க வேண்டும்” என்று எந்த முகத்தோடு சொல்வது?

சிறு பட்டறைகளின் நிலை இன்னும் சிக்கல். இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பி.எஃப். சட்டம் கட்டாயம். பத்துப் பதினைந்து பேரோடு லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் பட்டறைகள் தொழிற்பேட்டை முழுக்க உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களைப் போன்றவர்களுக்காக 2015 மே மாதம் வந்தது அடல் ஓய்வூதியத் திட்டம். பதினெட்டு வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய், நாற்பது வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். இருவருக்கும் அறுபதில் கிடைப்பது அதே 5,000 ரூபாய். பதினெட்டு வயதுப் பையனுக்கு அது நாற்பத்திரண்டு வருடம் கழித்து வரும் 5,000 என்பதையும் மறந்துவிடக் கூடாது. எடுத்து வைக்க வேண்டிய கடமை, எடுத்து வைக்க முடிகிற அளவுக்குத்தான். முடியாதவர் பங்கில் ஒரு பகுதி, அவர் உழைப்பை வாங்கிக்கொண்டு பிடித்தம் கட்டாமல் தப்பித்த முதலாளியின் கணக்கிலும், 15,000 ரூபாய் வரம்பைப் பத்து வருடத்துக்கும் மேலாக அப்படியே வைத்திருந்த அரசின் கணக்கிலும் எழுதப்பட வேண்டியது.

காலம் கடந்த பிறகு வரும் பதற்றத்துக்கும் ஒரு சந்தை இருக்கிறது. அமைந்தகரையில் அலுவலகம் வைத்திருந்த ஆருத்ரா கோல்டு நிறுவனம், மாதம் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக 2022இல் வெடித்த வழக்கில் பொருளாதாரக் குற்றப்பிரிவு குற்றம்சாட்டியது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஓய்வுபெற்றபோது கிடைத்த மொத்தப் பணம் வயிற்றுப்பாட்டுக்குப் போதாது என்று தெரிந்த ஒருவருக்கு, வங்கி தரும் வட்டி ஒரு தீர்ப்பு மாதிரி ஒலிக்கும். அதை மறுக்கிற எந்தக் குரலையும் அவர் கேட்பார்.

சேமிப்பு வாங்கித் தருவது பொருளைவிட, மறுக்கும் உரிமையைத்தான். நொளம்பூர், அயனம்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களின் வாசலில் நீலச் சட்டையோடு பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் உட்காரும் செக்யூரிட்டிகளில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். பிடித்து வேலை பார்ப்பவர்களும் அவர்களில் இருப்பார்கள். இரவு ஷிஃப்ட் வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர்கள் யார், முடியாதவர்கள் யார் என்பதே கேள்வி. ஆறு மாதச் செலவு கையில் இருக்கிற ஐம்பது வயதுக்காரர், கை நசுங்கக் கூடிய பிரஸ்ஸில் பாதுகாப்புத் தடுப்பு இல்லாமல் நிற்க மாட்டேன் என்று சொல்லலாம். இல்லாதவர் நிற்பார்.

சொந்த வீடு இருந்தும் கையில் காசில்லாதவர்களுக்கு 2007இல் மறு அடமானத் திட்டம் ஒன்று அறிமுகமானது. அறுபது தாண்டியவர் வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் பெறலாம், அதே வீட்டில் கடைசிவரை இருக்கலாம். கடனை அடைத்துவிட்டு வாரிசுகள் வீட்டை மீட்டுக்கொள்ளலாம். அது பெரிதாக எடுபடவில்லை. பிள்ளைக்கு விட்டுப் போகும் வீட்டில் வங்கியின் பேர் ஏறுவதை மனம் ஒப்புவதில்லை. மேற்குப் புறநகர்க்காரர்கள் கண்டுபிடித்த ஓய்வூதியம் வேறு. மாடியில் ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விடுவது. அதற்கும் கைக்காசு இருந்திருக்க வேண்டும், அது பெரும்பாலும் அந்தக் கல்யாண வருடத்தில்தான் தீர்ந்துபோகிறது.

படிப்புக்கு வங்கி கடன் தருகிறது. 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கல்விக்கடன் பெற வழி உண்டு, படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு பிள்ளையே கட்டலாம். கல்யாணத்தைச் சுருக்கலாம். சுயநிதிக் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பதில் கலந்தாய்வில் கிடைக்கிற இடத்தில் சேரலாம். இவையெல்லாம் அப்பா ஒருவராகவே இரவில் விழித்திருந்து எடுக்கிற முடிவுகளாக இருப்பதுதான் கோளாறு. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அப்பாவின் பி.எஃப். பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது போனால் 2050இல் தனக்கு என்ன செலவு வரும் என்று கூட்டிப் பார்க்க அவளுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே கூட்டுவட்டி நடத்திவிடுகிறார்கள்.