இறைவனின் பார்வையும் அரசின் கண்காணிப்பும்

மறைப்பதற்கு எதுவும் இல்லாதவர் கண்காணிப்பைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும் என்னும் கேள்வி, ஆதார் அட்டை முதல் தெருமுனைக் கேமரா வரை அரசின் எந்தத் தகவல் திரட்டைப் பற்றிப் பேச்செழுந்தாலும் முதலில் வந்து நிற்கிறது. கேட்பதற்கு அரசியல் கேள்வியாகத் தோன்றினாலும் இதன் வேர் சமயச் சிந்தனைக்குள் ஆழமாக ஓடியிருக்கிறது. எங்கும் நிறைந்து எல்லாவற்றையும் அறியும் இறைவன் என்னும் எண்ணத்தில் ஊறிய சமூகத்துக்குத் தன்னை எவரோ எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது புதிய செய்தியன்று; அந்த எண்ணமே மனிதரைத் தவறிலிருந்து தடுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இறைவனின் பார்வை நன்மை தரும் என்றால் அரசின் பார்வை மட்டும் எவ்வாறு தீங்காகும் என்றும், கடவுளிடமிருந்து எதையும் மறைக்க முடியாத மனிதருக்கு மறைந்திருக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்றும் கேட்பவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பார்வைக்கு இந்தியச் சமய மரபு கொடுத்த மிகத் தெளிவான உருவம் சித்திரகுப்தன். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணியும் மறு கையில் ஏடுமாக அமர்ந்திருக்கும் அவர், உயிர்கள் செய்யும் நல்வினை தீவினைகளை ஒன்று விடாமல் எழுதி யமனிடம் ஒப்படைக்கும் கணக்கர். மேலோட்டமாகப் பார்த்தால் இன்றைய தகவல் கிடங்குகளுக்கும் அந்த ஏட்டுக்கும் வேறுபாடு இல்லாததுபோல் தோன்றும். ஆனால் அந்த ஏட்டில் எழுதப்படுவது வினை. வினை என்பது புறச்செயலோடு நின்றுவிடுவதன்று, அதன் பின்னுள்ள எண்ணத்தையும் உள்ளடக்கியது. பௌத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்று எண்ணமே வினை என்று கொண்டது. இறைவனுக்குச் சமயங்கள் ஏற்றிச் சொல்லும் முற்றறிவு, அதாவது அகமும் புறமும் முன்னும் பின்னும் ஒருசேர அறியும் அறிவு, ஒரு மனிதரைத் தவறாகப் புரிந்துகொள்ள இடமில்லாத அறிவு. அந்தக் கணக்கருக்கோ கணக்கால் அடைய வேண்டிய ஆதாயம் எதுவும் இல்லை. அதைப் பிறருக்கு விற்கவும், வேண்டாதவரை மிரட்ட எடுத்துக் காட்டவும் அவருக்குத் தேவை இல்லை.

மனிதர் அமைக்கும் கண்காணிப்பு இந்த வகையைச் சேர்ந்ததன்று. அது திரட்டுவது பெரும்பாலும் மெட்டாடேட்டா எனப்படும் தகவல் பற்றிய தகவல், அதாவது யார் யாரை எப்போது எங்கிருந்து எவ்வளவு நேரம் அழைத்தார் என்பது போன்ற தடயம். ஒரு பெண் நள்ளிரவில் மகப்பேறு மருத்துவரை அழைத்ததைக் கணினி அறியும்; அவர் மகிழ்ச்சியில் அழைத்தாரா, துயரத்தில் அழைத்தாரா, பக்கத்து வீட்டுக்காரிக்காக அழைத்தாரா என்பதை அது அறியாது. ஆயினும் அந்த அரைகுறை அறிவிலிருந்தே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ரேஷன் கடையில் நிற்கும் கல்லுடைக்கும் தொழிலாளியின் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தால், பொருள் வழங்கும் கருவி அவரை அவரென்று ஏற்க மறுக்கிறது. ரேகை தேய்ந்ததற்குக் காரணமான உழைப்பையும், அவரை அங்கே நிறுத்திய பசியையும் காணும் வழி அந்தக் கருவிக்கு இல்லை. அரைகுறையாக மட்டுமே அறியக்கூடிய ஒன்றுக்கு முற்றறிவுக்குரிய மதிப்பைக் கொடுப்பதுதான் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்னும் வாதத்தின் முதற் பிழை.

இதனினும் கவனிக்கத்தக்கது, இறைவன் அனைத்தையும் காண்கிறான் என்பதில் உறுதியாக நின்ற சமயங்களே மனிதர் மனிதரைத் துருவிப் பார்ப்பதை வன்மையாகத் தடுத்திருப்பது. குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் உளவு பார்ப்பதையும் புறம் பேசுவதையும் ஒரே வசனத்தில் விலக்குகிறது. 24ஆம் அத்தியாயம் பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழைவதைத் தடுக்கிறது. இவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு செய்தி இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீன் நூலிலும் இடம்பெற்றிருக்கிறது. கலீபா உமர் இரவில் மதீனாவில் ரோந்து செல்கையில் ஒரு வீட்டுக்குள் ஐயத்துக்குரிய குரல் கேட்டுச் சுவரேறிக் குதித்து, உள்ளே ஒருவர் மதுவுடன் இருப்பதைக் கண்டு கடிந்துகொண்டார். அந்த மனிதரோ, தாம் இறைவனுக்கு மாறாகச் செய்தது ஒன்று என்றால் கலீபா செய்தது மூன்று என்று பதில் சொன்னார்: துருவி ஆராயக் கூடாது என்ற கட்டளையை மீறியது, வாசல் வழியே வராமல் சுவரேறி வந்தது, அனுமதியும் சலாமும் இன்றி நுழைந்தது. உமர் அதை ஏற்றுக்கொண்டு திரும்பினார் என்று மரபு சொல்கிறது. மது அருந்தியது குற்றமில்லை என்று இங்கே எவரும் வாதிடவில்லை. மறைப்பதற்கு ஏதோ இருந்த ஒருவருக்கே மறைவுக்கான உரிமை கிடைத்தது என்பதும், ஆள்பவர் குடிமகனின் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக நின்றார் என்பதும்தான் இதில் உயிரானவை.

யூத சமயச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, பலர் பங்கிடும் முற்றத்தில் ஒருவர் தம் வாசலைப் பிறர் வாசலுக்கு நேராகவும், சன்னலைப் பிறர் சன்னலுக்கு நேராகவும் திறக்கக் கூடாது என்கிறது. பார்ப்பதே ஒரு வகைச் சேதம் என்று பின்வந்த யூத அறிஞர்கள் வகுத்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1215ஆம் ஆண்டு லாத்தரன் பொதுச்சங்கம், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடும் குருவைப் பதவி நீக்கி வாழ்நாள் முழுவதும் மடத்தில் தவமிருக்கச் செய்ய வேண்டும் என்று விதித்தது. அனைத்தையும் காணும் இருக்கை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, அதில் அமர மனிதருக்கு உரிமை இல்லை என்பதே இந்த விதிகளின் உள்ளுறை.

தமிழ் அறநூல் மரபு இங்கே ஒரு தடையை எழுப்புவதையும் மறைக்கலாகாது. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. எல்லாரிடத்தும் நிகழ்வனவற்றை எந்நாளும் விரைந்தறிவது வேந்தனின் தொழில் என்றே அது கூறுகிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்றைய உளவுத் துறைக்கு வள்ளுவரே சான்று நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் அதே அதிகாரம் ஒற்றர் ஆராய வேண்டியவர்களை வகைப்படுத்தும்போது அரசின் வினை செய்யும் அதிகாரிகளையும், அரசனின் சுற்றத்தாரையும், பகைவரையும் குறிப்பிடுகிறது. உழவரையும் வணிகரையும் குறிப்பிடவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்று அது விதிப்பதில் மனிதரின் பார்வை பிழைபடக்கூடியது என்ற தெளிவு இருக்கிறது. மறைவில் தவறு செய்யும் பொய்த்துறவியைப் பற்றிப் பேசும் கூடாவொழுக்கத்தில் வள்ளுவர் அவனைப் பிடிக்கக் காவலரை அனுப்பவில்லை. அவன் உடலுக்குள்ளிருக்கும் ஐம்பூதங்களையே சாட்சியாக வைக்கிறார். சாட்சி உள்ளே இருக்க வேண்டும் என்பது ஆழ்ந்த அறக்கருத்து. வெளியிலிருந்து இடைவிடாது பார்க்கப்படுபவர் பார்ப்பவருக்கு ஏற்ப நடக்கக் கற்றுக்கொள்வாரே தவிர, தம் மனச்சான்றுக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை இழந்துவிடுவார். பிறர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தவறவும் தவறாமலிருக்கவும் வாய்ப்பிருக்கும்போதுதான் ஒருவரின் ஒழுக்கம் அவருடையதாகிறது.

இதை இந்தியச் சட்டத்தின் மொழியில் முதலில் உணர்த்தியவர் நீதிபதி சுப்பா ராவ். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் கொள்ளை வழக்கொன்றில் கைதாகிச் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆயினும் காவல்துறை அவரைக் கண்காணிக்க அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்தது. காவலர்கள் இரவில் வந்து கதவைத் தட்டிக் கூச்சலிட்டு அவரை எழுப்பி, அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துச் சென்றார்கள். 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள் இந்த இரவு நுழைவை மட்டும் சட்டவிரோதம் என்றனர். பின்தொடர்வதையும் நடமாட்டத்தைக் குறித்துவைப்பதையும் தடுக்கவில்லை, அந்தரங்க உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும் கருதினர். அவர்களுடன் மாறுபட்ட சுப்பா ராவ், காவலரின் துருவும் பார்வைக்கு உட்பட்ட நடமாட்டத்தைச் சுதந்திர நடமாட்டம் என்று கொள்ள முடியாது என்றார். உடலைத் தொடாமலே மனத்தில் விலங்கிட முடியும் என்ற இந்த உண்மை சட்டமாக 55 ஆண்டுகள் ஆயின. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர்.

இடையில் இந்த உரிமைக்கு உருக்கொடுத்ததில் ஒரு தமிழ் இதழுக்குப் பங்குண்டு. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்தபோது, அதில் அதிகாரிகளின் தொடர்புகள் வெளிவரும் நிலையில், சிறைத்துறை வெளியீட்டைத் தடுக்கப் பார்த்தது. 1994ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்று கூறிய அதே மூச்சில், பொது அதிகாரிகள் தம் கடமை சார்ந்த செயல்களுக்கு அந்த உரிமையைக் கேடயமாக்க முடியாது என்றும், வெளியீட்டுக்கு முன்பே தடை கோர முடியாது என்றும் வரையறுத்தது. ஒற்றாடல் அதிகாரத்தின் பட்டியலோடு இதை ஒப்பிட்டால் இரண்டும் ஒரு திசையைக் காட்டுவது புலப்படும்: அதிகாரத்தில் இருப்பவர் பார்க்கப்பட வேண்டும், அதிகாரம் இல்லாதவர் மறைவில் வாழ விடப்பட வேண்டும்.

அந்தரங்கம் வசதி படைத்தவர்களின் கவலை, ஏழைக்குச் சோறுதான் முதன்மை என்னும் வாதம் 2017ஆம் ஆண்டு வழக்கிலேயே எழுந்து நிராகரிக்கப்பட்டது. வீட்டின் மறைவைக் காரணம் காட்டி வீட்டுக்குள் நடக்கும் வன்முறையை மூடியவர்கள் உண்டு என்ற பெண்ணியலாரின் குற்றச்சாட்டு அதைவிட வலுவானது, உண்மையும்கூட. அந்தரங்கத்தைக் குடும்பத்தின் உரிமையாகக் கொள்ளாமல் தனிமனிதரின் உரிமையாகக் கொண்டால்தான் அதற்கு விடை கிடைக்கும். எளியவருக்கு மறைவு எவ்வளவு தேவை என்பதை 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் காட்டுகிறது. சாதியோ மதமோ கடந்து அச்சட்டத்தின்கீழ் மணக்க விரும்பும் இருவர் தம் பெயர், தொழில், வயது, வசிப்பிடம் ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்படும். பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 30 நாள்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தேடிவரும் உறவினருக்கு அந்தப் பலகையில் முகவரியும் கிடைக்கிறது, கால அவகாசமும் கிடைக்கிறது. சொந்தச் சாதிக்குள் இந்துத் திருமணச் சட்டப்படி மணப்பவருக்கு இந்த நிபந்தனை எதுவும் இல்லை. இந்த இருவரிடம் சென்று மறைப்பதற்கு எதுவும் இல்லையென்றால் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பது கொடுமை.

வாக்குப் பதிவிலும் இதே நிலைதான். தனி ஒருவரின் வாக்கை இரகசியமாகக் காக்கும் முறை, பூத்வாரியாக முடிவுகளை வெளியிடுவதால் ஒரு தெருவின், ஒரு காலனியின் வாக்கைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டி எண்ணும் டோட்டலைசர் என்னும் கருவியைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையமும் 2015இல் அதைப் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. எந்தத் தெரு தமக்கு வாக்களிக்கவில்லை என்று தெரிந்துவைத்திருப்பது கட்சிகளுக்குப் பயன்படுகிறது, சாலையும் குடிநீரும் கேட்டு நிற்கும் அந்தத் தெருவுக்குத் தீங்காகிறது.

பார்வை கீழ்நோக்கி மட்டும் பாய்வதை அண்மைக் காலம் இன்னும் வெளிப்படையாக்கியிருக்கிறது. செய்தியாளர்கள், எதிர்க்கட்சியினர் ஆகியோரின் செல்போன்களில் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் ஏவப்பட்டதா என்று ஆராய 2021இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, 29 போன்களில் ஐந்தில் ஏதோவொரு தீய மென்பொருளைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்பதையும் குழு பதிவு செய்தது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே விட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது: ஓர் அதிகாரியைப் பற்றிய தனிப்பட்ட தகவலைக் குடிமகன் கேட்டால், அது பொதுப்பணியோடு தொடர்புடையதா, பொதுநலன் கருதி வெளியிட வேண்டியதா என்று தகவல் அலுவலர் ஆராயும்படி பழைய விதி சொன்னது, புதிய விதியில் அந்தச் சொற்கள் நீக்கப்பட்டு, தனிப்பட்ட தகவல் என்ற ஒன்றே மறுப்பதற்குப் போதுமான காரணமாக்கப்பட்டிருக்கிறது.