இதயத்தை மிஞ்சிய உடல்

ஓர் உயிரை அடிப்பதும் வதைப்பதும் கொடுமை என்பதை எவரும் மறுக்கார். அடிக்கும் கை எதுவுமின்றி, பிறப்பிலேயே அதன் உடலில் துன்பம் வைக்கப்பட்டிருப்பின், அதற்கு யார் பொறுப்பு? இன்றைய புறொயிலர் கோழி நம்முன் வைக்கும் வினா இதுவே.

1948இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்னும் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. மிகுந்த இறைச்சி தரும் கோழியை உருவாக்குவதே அதன் நோக்கம். அப்பாதையில் கோழி எவ்வளவு தூரம் சென்றுவிட்டது என்பதைக் கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2014இல் காட்டிற்று. 1957ஆம் ஆண்டின் இனம் 56 நாளில் 905 கிராம் நிறை பெற்றது. 2005ஆம் ஆண்டின் இனமோ அதே தீனியில் 4,202 கிராம் பெற்றது.

தசை வளர்ந்த வேகத்திற்கு இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்கவில்லை. பெருத்த உடல் மிகுந்த ஒட்சிசனைக் கேட்கிறது. ஒடுங்கிய நுரையீரற் குழாய்களூடாகக் குருதியைத் தள்ளித் தள்ளி வலது இதயவறை தடித்து, விரிந்து, ஈற்றில் தோற்கிறது. வயிற்றில் நீர் கோத்துக் கோழி மடிகிறது.

கலம் பிரியுந்தோறும் நிறமூர்த்தத்தின் முனையிலுள்ள தெலோமியர் சற்றே குறுகுவது பொது இயல்பு. அதனை முதுமையின் அளவுகோல்களுள் ஒன்றாகக் கொள்வர். தெலோமியர் நிறமூர்த்தத்தைக் காக்கும் விதத்தைக் கண்டறிந்த மூவர் 2009இல் நோபல் பரிசு பெற்றனர். கோழியிலும் மனிதரிலும் அதன் அடிப்படை அமைப்பு ஒன்றே. நுரையீரல் உயர் குருதியமுக்கத்தால் வருந்தும் கோழிகளின் இதயத்திலும் ஆய்வாளர் தெலோமியர் மாற்றங்களைத் தேடியுள்ளனர். சில வாரங்களே வாழும் உயிரொன்றின் இதயத்தில் முதுமையின் சுவடு தேடப்படுகிறது!

மலிவான இறைச்சி ஏழைக் குழந்தைக்குப் புரதம் அளிக்கிறதே என்பர் சிலர். இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. பசியை அறியாதவரின் சீவகாருணியம் பொருளற்றது. ஆயினும், கேள்வி இறைச்சி வேண்டுமா என்பதன்று. இவ்வேகத்தை நிர்ணயித்தவர் யார் என்பதே. இளம் பருவத்தில் தீனியைக் கட்டுப்படுத்தினால் இந்நோயால் நேரும் சாவு குறைகிறது. மெதுவாக வளரும் இனங்களும் உள்ளன. வழிகள் இருந்தும் அவை பரவலாகக் கைக்கொள்ளப்படாமைக்குக் காரணம் இயற்கையன்று, இலாபக் கணக்கே.

மெதுவாக வளர்த்தால் செலவு கூடும் என்பது உண்மை. அச்செலவை ஏழையின் தட்டில் ஏற்றாது, பெரும் நிறுவனங்களின் இலாபத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டுமென்பதே நமது நிலைப்பாடு. தெரிந்தே ஒரு வழி தெரிவுசெய்யப்படும்போது அங்கே பொறுப்பும் உண்டு. அடிக்கும் கை கண்ணுக்குப் புலப்படாமையால் அது இல்லாமற் போவதில்லை. உயிரை உற்பத்திக் கருவியாக மாத்திரம் எண்ணும் கணக்கு கோழியோடு நின்றுவிடுவதுமில்லை; உழைப்பவரின் உடலையும் அது அவ்வாறே அளக்கும். அக்கணக்கை வினாவுக்குட்படுத்துதல் நம் அனைவரின் கடமையாகும்.