கடதாசிக் கொக்கும் பிள்ளையின் கேள்வியும்

சவர்க்காரம் சுற்றி வந்த தாள், பழைய கலண்டர், எழுதி முடித்த கொப்பியின் ஒற்றை: இவற்றைச் சதுரமாக வெட்டிப் பிள்ளைகளோடு இருந்து கொக்கு மடிப்பது செலவில்லாத பொழுதுபோக்கு. (தடித்த மட்டை வேண்டாம், கழுத்து மடிப்பில் கிழிந்துவிடும்.) மடிக்கும்போது சடாக்கோவின் கதையைச் சொல்வோரும் உண்டு. அங்கேதான் சிக்கல்.

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6ஆந் திகதி அணுகுண்டு விழுந்தபோது சடாக்கோ சசாக்கிக்கு வயது இரண்டு. 1955இல் இரத்தப் புற்றுநோயுடன் வைத்தியசாலையிற் கிடந்த அச்சிறுமி, ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டியது கைகூடும் என்ற யப்பானிய நம்பிக்கையைக் கேள்வியுற்று, மருந்து சுற்றிய தாளையும் விடாது சேர்த்து மடித்தாள். அவ்வாண்டு ஒக்டோபர் 25இல் இறந்தாள்.

1977இல் எலினர் கோர் எழுதிய நூலில் 644உடன் அவள் கை ஓய்கிறது. மிகுதியைத் தோழர் முடிக்கின்றனர். குடும்பத்தார் கூறுவதோ வேறு: அவள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டாள்.

பிள்ளைக்கு எதைச் சொல்வது? நாலு வயதுக் குழந்தைக்குக் கதையே வேண்டாம், கொக்குப் போதும். வளர்ந்த பிள்ளைக்கோ முதற்கதை எமக்கு வசதியானது. எண்ணிக்கை குறைந்தது, ஆகவே நோய் மாறவில்லை என்று சமாளிக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு கொடுமை இருக்கிறது. இன்னும் 356 மடித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றால், குற்றம் இறந்தவள்மேல் விழுகிறது. நாளை தாய் நோயுற்றால், "நான் செய்தது போதவில்லையோ" என்று அதே பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும்.

ஆயிரமும் முடிந்தது, நோய் மாறவில்லை என்றே சொல்ல வேண்டும். "பிறகு ஏன் மடித்தாள்?" என்று பிள்ளை கேட்கும். ஆயிரத்தின் பின்னும் அவள் மடித்துக்கொண்டே இருந்தாள் என்பதை மட்டும் சொல்லி, அடுத்த தாளை எடுத்துக் கொடுக்கலாம்.