பாட்டிலை அழிக்கலாமா?

2024 பிப்ரவரியில், தடோபா காட்டில் ஓர் இளம் புலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவ்விக்கொண்டு நடந்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாட்டிலை ஃபோட்டோஷாப்பில் அழிக்க இரண்டு நிமிஷம் போதும். படம் காலண்டருக்கு ஜோராக இருக்கும். அழிக்கலாமா, சொல்லுங்கள்?

வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது வேறு. அது இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்திலேயே செய்ததுதான். கண்ணுக்குத் தெரிந்ததை கேமரா கோட்டை விட்டால் மீட்டுத் தருகிற வேலை. சீனாவில் 2007-ல் ஒருவர் காகிதப் புலியைப் படமெடுத்து, காட்டுப் புலி என்று ஊரை நம்பவைத்தார். அது முழுப் பொய். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சிக்கல், பாதி நிஜத்தில்தான். நம்ம பெருங்குடிக்கே வாங்க. 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் வந்து நிற்கும். ஓரத்திலேயே, பல வருஷமாக மாநகராட்சி கொட்டிய குப்பை மலை. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினால் குப்பை ஃப்ரேமுக்குள் வராது. ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை, சத்தியமாக நிஜப் படம். பார்க்கிறவரோ, 'சதுப்பு நல்லாத்தானே இருக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். என்னைக் கேட்டால், வெளிச்சம் கூட்டியவரைவிட இவரைத்தான் அதிகம் கேள்வி கேட்பேன்.

அழகு வேண்டாமா என்பீர்கள். வேணும், ஹாலில் மாட்டுங்கள். 'பெருங்குடி, இன்று காலை' என்று கீழே எழுதினால் மட்டும், குப்பையும் ஓரமாக வரட்டும்.