திருத்துதலும் திருந்துதலும்

'சீர்திருத்தம்' என்ற சொல் நாள்தோறும் நம் காதில் விழுகிறது. நிலச் சீர்திருத்தம், தேர்தல் சீர்திருத்தம், வரிச் சீர்திருத்தம் என்று அது பல அடைமொழிகளுடன் உலவுகிறது. 1991-இல் மத்திய அரசு மேற்கொண்ட மாற்றங்களுக்குப் பிறகு பொருளாதாரம் பற்றிய பேச்சில் அதற்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலோ அச்சொல்லின் எளிய வடிவம் வேறு விதமாக ஒலிக்கிறது: 'அவனைத் திருத்தவே முடியாது!' இவ்விரு வழக்குகளிலும் பொதுவான ஒன்று உண்டு. திருத்துபவர் ஒருவர், திருந்த வேண்டியவர் எப்போதும் வேறொருவர்.

தன்வினையும் பிறவினையும்

தமிழில் 'திருந்து' என்பது தன்வினை. 'திருத்து' என்பது பிறவினை. உழவர் நிலத்தைத் திருத்துகிறார். ஆசிரியர் விடைத்தாளைத் திருத்துகிறார். நாவிதர் முடியைத் திருத்துகிறார். நிலமும் தாளும் முடியும் இதில் தாமாகச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. மனிதன் அத்தகையவன் அல்லன். அவனைத் தடுக்கலாம், தண்டிக்கலாம், அவனுக்கு எடுத்துரைக்கலாம். ஆனால் திருந்த வேண்டியவன் அவனே. அச்செயலை அவனுக்காகப் பிறர் செய்ய இயலாது.

வங்கமொழியில் சீர்திருத்தத்தைக் குறிப்பது 'சம்ஸ்காரம்' என்ற வடசொல். பழுதான கட்டடத்தைச் செப்பனிடுவதற்கும் அங்கே அதுவே சொல். பெயரிடுதல் முதல் ஈமக்கடன் வரையிலான சடங்குகளும் சம்ஸ்காரங்களே. யோக நூல்களிலோ, ஒவ்வொரு செயலும் எண்ணமும் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவு சம்ஸ்காரம் எனப்படுகிறது. மூடநம்பிக்கையை வங்காளிகள் 'குசம்ஸ்காரம்' என்பார்கள். நோயின் வேரையும் மருந்தையும் ஒரே சொல் சுட்டுவது சிந்திக்கத்தக்கது. சமூக வழக்கம் என்பது என்ன? தலைமுறை தலைமுறையாகப் பல மனங்களில் படிந்த பதிவுதான். வெளியே ஒரு வழக்கத்தை மாற்றுபவர் உள்ளே படிந்திருப்பதையும் தொட்டாக வேண்டும்.

இரண்டு சட்டங்கள்

1829 டிசம்பர் 4 அன்று, பென்டிங்க் பிரபுவின் ஆட்சியில், வங்காளத்தில் உடன்கட்டை ஏறுதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் ராஜா ராம்மோகன் ராய் பல ஆண்டுகள் அக்கொடுமையை எதிர்த்து எழுதியும் வாதாடியும் வந்தார். 1856 ஜூலையில் இந்து விதவைகளின் மறுமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் வந்தது. இதற்காக அரும்பாடுபட்டவர் ஈசுவர சந்திர வித்யாசாகர். பராசர ஸ்மிருதியையே சான்றாகக் காட்டி, சாஸ்திரம் மறுமணத்தைத் தடுக்கவில்லை என்று அவர் நிறுவ முயன்றார்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முதல் சட்டம் ஒரு செயலைத் தடுத்தது. அதற்கு அரசின் அதிகாரம் பெருமளவு போதுமானதாக இருந்தது. இரண்டாவது சட்டமோ கதவைத் திறந்து வைத்தது. உள்ளே நுழையும்படி எவரையும் அதனால் செய்ய முடியவில்லை. மறுமணம் செய்துகொண்டவள் முதல் கணவரின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் அச்சட்டமே விதித்தது. அதன் வழியே நடந்த திருமணங்கள் மிகச் சிலவே. வித்யாசாகர் சோர்ந்துவிடவில்லை. தம் பணத்தைச் செலவிட்டு, கடன்பட்டும் அத்தகைய திருமணங்களை நடத்தி வைத்தார். 1870-இல் அவருடைய மகன் நாராயண சந்திரர் ஒரு விதவையை மணந்தபோது, உறவினர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அதை மனமார ஆதரித்தார். பிறருக்குச் சொன்னதை அவர் தம் வீட்டு வாசலில் நிறுத்திவிடவில்லை. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1882 ஆகஸ்ட் 5 அன்று தாமே தேடிச்சென்று சந்தித்தது இம்மனிதரைத்தான்.

1897 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில் சுவாமி விவேகானந்தர் அக்காலச் சீர்திருத்தங்களை ஆராய்ந்தார். அவற்றுள் பல மேல்சாதியினரை மட்டுமே தொட்டன என்றும், வேரிலிருந்து தொடங்குவதே சீர்திருத்தம் என்றும், அதற்கு முதல் படி மக்களுக்குக் கல்வி அளிப்பதே என்றும் அவர் எடுத்துக்காட்டினார். மக்களே திருந்தும் ஆற்றல் பெற வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

ஒரு சாக்குப்போக்கு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'ஒவ்வொருவரும் தன்னைத் திருத்திக்கொண்டால் போதும், சமூகம் தானே திருந்தும்' என்று ஆன்மிக அன்பர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும், தாமதத்தால் தமக்கு எந்த இழப்பும் இல்லாதவர்களுக்கே இவ்வாறு சொல்வது எளிது. சிதைக்கு அழைத்துச் செல்லப்படும் பெண்ணால், ஊரார் அனைவரும் மனம் திருந்தும்வரை காத்திருக்க முடியுமா? பிறர் துன்புறும் இடத்தில் உடனே தடுப்பதே தர்மம். சட்டம் அதற்குத்தான். தன்னைத் திருத்திக்கொள்ளுதல் நீதியைத் தள்ளிப்போடும் சாக்காக மாறினால், அது சாதனை அன்று; சுயநலம்.

சட்டத்தோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிழையே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் தன் 17-ஆவது பிரிவில் தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கென்று தனிக் குவளை வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. அவ்வீடுகளின் பூஜையறையிலும் மகான்களின் படங்கள் இருக்கக்கூடும். அக்குவளையை எடுக்கக் காவலர் வரப்போவதில்லை. அதை வைத்த கையே அதை எடுக்க வேண்டும்.

சமூகம் சீர்கெட்டுவிட்டது என்று வருந்துபவர், அடுத்த முறை 'சீர்திருத்தம்' என்ற சொல்லை உச்சரிக்கும்போது ஒரு கணம் நின்று, தாம் பேசுவது பிறவினையிலா, தன்வினையிலா என்று கேட்டுக்கொள்வாராக. இரண்டுமே தேவை. ஆனால் இரண்டாவதில் காலூன்றி நிற்பவரின் சொல்லுக்கே முதலாவதைச் செய்யும் வலிமை உண்டாகும்.